நள்ளிரவில் கட்டைவிரல்: வாதரக்தம் வரும் வழி

(காட்சி: ஊட்டி, இரவு. ஜன்னல் கண்ணாடியில் பனி. கம்பளிக்கு வெளியே நீட்டிய ஒரு கால்.)

டிசம்பர் மாத ஊட்டியில் காலைக் கம்பளிக்கு வெளியே போட்டுத் தூங்குகிறவர் உண்டா? உண்டு. யூரிக் ஆசிட் ஏறி, கவுட் என்கிற மூட்டு நோய் வந்தவர். கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கியிருக்கும். கம்பளி பட்டாலே உயிர் போகும்.

இந்தக் கவுட்டுக்கு மிக அருகில் வரும் ஆயுர்வேதப் பெயர் வாதரக்தம். இரண்டும் அச்சு அசலாக ஒன்றல்ல. வாதரக்தம் கொஞ்சம் பெரிய கூடை. சரகர் பெயரில் உள்ள பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் 29-ஆம் அத்தியாயம் முழுக்க இதுதான். ஆட்யவாதம் என்றும் பெயர். ஆட்யன் என்றால் பணக்காரன். நல்ல சாப்பாடு, நடை கிடையாது, பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. ஆளை அடையாளம் தெரிகிறதா?

(காட்சி: ஊட்டி ஏரிக்கரையில் பயணியைச் சுமந்து போகும் குதிரை.)

இந்த நோய்க்கான காரணப் பட்டியலில் எனக்குப் பிடித்தது குதிரைதான். குதிரை, ஒட்டகச் சவாரியையும் சரகர் சேர்த்திருக்கிறார். தொடர்ந்து சவாரி செய்தால் வாதம், அதாவது உடம்பை இயக்குவதாக ஆயுர்வேதம் சொல்லும் காற்று, கெடும் என்பது கணக்கு. ஏரிக்கரையில் பத்து நிமிடம் போகிறவர் பயப்பட வேண்டாம்.

(காட்சி: மேலிருந்து கல்லட்டி மலைப்பாதை.)

சரி, நோய் எப்படி வளர்கிறது? உப்பு, புளிப்பு, காரம், மது, காய்ந்த மாமிசம், முந்தைய சாப்பாடு செரிக்கும் முன்பே அடுத்தது என்று போனால் ரத்தம் கெடுகிறது. கெட்ட ரத்தம் வாதத்தின் வழியை மறிக்கிறது. மறிக்கப்பட்ட வாதம் சும்மா இருக்குமா? திரும்பி அந்த ரத்தத்தையே இன்னும் கெடுக்கிறது. இரண்டும் உடம்பெல்லாம் ஓடினாலும் மூட்டில்தான் தங்குகின்றன. ஏன்? மூட்டு வளைந்திருப்பதால் என்கிறார் சரகர். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் லாரி எங்கே மாட்டும் என்று மசினகுடிக்காரரைக் கேளுங்கள், நேர்ச்சாலையைச் சொல்ல மாட்டார்.

பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி, எலி விஷம்போல மெல்ல மேலே பரவும் என்பது பழைய உவமை.

இன்றைய மருத்துவம் வளைவைச் சொல்வதில்லை, குளிரைச் சொல்கிறது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் ஊசி ஊசியாகப் படிகமாகலாம். உடம்பின் நடுப்பகுதியைவிடப் பாதம் குளிர்ந்திருப்பதால் அங்கே இன்னும் எளிது.

(காட்சி: அடுப்பில் கொதிக்கும் கொள்ளு ரசம்.)

சரகருக்கும் இன்றைய மருத்துவத்துக்கும் உரசல் ஒன்று உண்டு. கொள்ளு, உளுந்து, முள்ளங்கி, தயிர், மோர் எல்லாம் சரகர் பட்டியலில் இருக்கின்றன. பருப்பும் காய்கறியும் இந்த நோயைக் கூட்டுவதில்லை, கொழுப்பு குறைந்த பால் பொருள் குறைக்கவே செய்கிறது என்பது இன்றைய ஆய்வு. இதில் நான் ஆய்வின் பக்கம். மதுவிலும் மாமிசத்திலும் இருவருக்கும் சண்டை இல்லை.

தோலிலும் தசையிலும் நின்றால் உத்தானம், உள்ளே இறங்கினால் கம்பீரம் என்று இரு வகை சொல்வார்கள். ஆயுர்வேதத்தின் இன்னொரு பழைய ஆசிரியரான சுஸ்ருதர் ஒத்துக்கொள்ளவில்லை: இரண்டு வகை இல்லை, மேலே இருப்பதே நாளடைவில் ஆழமாகிறது என்றார். வருடக்கணக்கில் கவனிக்காத காலில் சுண்ணாம்புபோல் வெள்ளைக் கட்டி திரள்வதைப் பார்த்தவருக்கு அவர் சொன்னது புரியும்.

(காட்சி: ரத்தப் பரிசோதனைச் சீட்டு.)

அப்புறம் ஒன்று. வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த பரிசோதனையில் யூரிக் ஆசிட் சரியான அளவு என்றே வரலாம். வீக்கம் வடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.