எலாவும் கெஜமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் துணிக்கடை எதிலாவது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மலாய் மக்சிக் ஒருவர் ‘எம்பாட் எலா’ என்பார். பின்னாலேயே வரும் நம் அக்கா, ‘அண்ணே, நாலு கெஜம் கிழிங்க’ என்பார். கோல் நான்கு முறை புரளும். இரண்டு பேருக்கும் ஒரே நீளம்தான். நம் நாட்டில் எலா என்றாலும் கெஜம் என்றாலும் 36 அங்குலம்.

எலாவின் மூதாதை இவ்வளவு ஒழுங்கானது அல்ல. ஐரோப்பியத் துணி வணிகர்களின் ‘எல்’தான் அது. இங்கிலாந்தில் ஓர் எல் 45 அங்குலம், ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 37, பிளாண்டர்ஸில் 27. எந்த ஊர் எல் என்று கேட்காமல் விலை பேசியவன் கதை கந்தல்தான்! அந்தச் சொல்லின் பழைய பொருள் முன்கை. ஆங்கிலத்தில் முழங்கையைக் குறிக்கும் ‘எல்போ’வின் முன்பாதியும் அதுவே. ஆக, அவர்கள் அளந்ததும் கையால்தான், நம் முழத்தைப் போல.

கெஜம் பாரசீக ‘கஸ்’ வழி வந்தது. அதுவும் நிலையாக நின்றதில்லை. அக்பர் காலத்து இலாஹி கஸ் 41 விரற்கடை. யானையைக் குறிக்கும் கஜம் வேறு, அது வடசொல். ஒன்பது கஜப் புடவையோடு மல்லுக்கட்டுபவர்களுக்குச் சந்தேகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

வேட்டியில் மட்டும் முழம் இன்னும் போகவில்லை. இரண்டு முழம் ஒரு கெஜம் என்பது கணக்கு. எட்டு முழ வேட்டியின் சீட்டைப் பாருங்கள், 3.60 மீட்டர் என்று இருக்கும். நாலு கெஜத்துக்குச் சற்றே குறைவு.

மீட்டர் வந்த பிறகுதான் வம்பு. 1972ஆம் ஆண்டின் நிறுவை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது, வாய்ப்பழக்கம் மாறவில்லை. தையற்காரர் பாஜு கூரோங்குக்கு நாலு மீட்டர் கேட்கிறார், நீங்கள் கடையில் நாலு எலா வாங்குகிறீர்கள். 34 சென்டிமீட்டர் குறையும். கைக்குத் துணி பற்றாது, அதே சாயத்தில் மறுபடி கிடைக்கவும் கிடைக்காது.

விலையிலும் இதே கதைதான். ஒரு கடையில் எலா 10 வெள்ளி, பக்கத்துக் கடையில் அதே துணி மீட்டர் 10 வெள்ளி 50 காசு என்றால், மீட்டர் கடைக்கே போங்கள். எலா 10 வெள்ளி என்பது மீட்டருக்கு 10 வெள்ளி 94 காசு.