மழையில் பிடிக்கும் டயர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். வாகனங்களின் அடிப்பகுதியோடு, அதாவது சில்லுகள், சஸ்பென்ஷன், பிரேக் ஆகியவற்றோடு நெடுங்காலம் தொழில் செய்துவருபவன் என்ற வகையில், ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கும் கேள்விக்கு இன்று சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். “அண்ணை, இந்தக் காருக்கு எந்த டயர் திறம்?” என்பதே அந்தக் கேள்வி. கொழும்பில் ஓடும் காருக்கு, நனைந்த வீதியில் எது நன்றாகப் பிடிக்கிறதோ அதுவே திறமான டயர் என்பது என்னுடைய பதில். உலர்ந்த வீதியில் இன்றைய நல்ல டயர்கள் எல்லாமே நமக்குத் தேவையானதை விடக் கூடுதலாகவே பிடிக்கின்றன. அவற்றுக்கிடையிலான வேறுபாடு மழையில்தான் தெரியவருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் நகரம் இது. அதிலும் ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களின் பிற்பகல் மழை, வீதியில் படிந்திருக்கும் எண்ணெயையும் தூசியையும் குழைத்து, முதற்சில நிமிடங்களுக்குக் காபட் வீதியையே வழுக்கு நிலமாக்கிவிடுகிறது.

முதலில் அகலத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் பணத்தை வீணாக்குவது அதில்தான். ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரில், ஒவ்வொரு டயரும் சுமப்பது சராசரியாக 325 கிலோகிராம். காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ என்றால், ஒரு டயர் வீதியைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 144 சதுர சென்ரிமீற்றர், அதாவது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் கொண்ட ஒரு சதுரம். இந்தப் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை எடையும் காற்றழுத்தமுமே. டயரை அகலமாக்கினால் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. அதன் வடிவம் மாறி, பக்கவாட்டில் நீண்டு, முன்பின்னாகக் குறுகிவிடுகிறது. உலர்ந்த வளைவில் இந்த வடிவத்தால் நன்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேங்கிய தண்ணீரில், அதே அளவு நேரத்துக்குள் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டிய சுமை அந்த அகல டயருக்கு வந்துசேர்கிறது. ஒதுக்க முடியாமற்போனால் தண்ணீர் டயரின் கீழே புகுந்து அதைத் தூக்கிவிடும். அதன் பின் ஸ்டியரிங்கும் பிரேக்கும் எதற்கும் உதவா.

விமானச் சில்லுகளைச் சோதித்து நாசா ஆய்வாளர்கள் 1963இல் வெளியிட்ட ஓர் எளிய கணக்கு இதற்கு உண்டு. பிஎஸ்ஐயில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் நொட் அளவில் கிடைக்கும் (ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர்). 32 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு 94 கிலோமீற்றர். காற்று இறங்கி 24 பிஎஸ்ஐக்கு வந்துவிட்டால் 82 கிலோமீற்றர். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்சவேகம் 100 என்பதை நினைத்துப் பாருங்கள். டயரின் பள்ளங்கள் ஆழமாக இருக்கும்வரை அவை தண்ணீருக்கு வழிவிட்டு இந்த எல்லையைத் தள்ளிவைக்கின்றன. தேய்ந்த பின் அந்தக் காப்பு இல்லை. புதிய டயரில் பள்ளத்தின் ஆழம் ஏழு, எட்டு மில்லிமீற்றர் இருக்கும். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீற்றர் வரை ஓட அனுமதித்தாலும், வேகமாக ஓடக்கூடிய காரில் மூன்று மில்லிமீற்றரிலேயே டயரை மாற்றிவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவேன்.

அகலத்தைக் கூட்டாமலேயே ஒரு காரை மாற்றிவிடலாம் என்பதற்கு டொயோட்டா 86 நல்ல உதாரணம். 2012இல் அது வெளிவந்தபோது, 215/45 ஆர்17 அளவில் (215 மில்லிமீற்றர் அகலம், அதில் 45 வீதம் பக்கச்சுவரின் உயரம், 17 அங்குல ரிம்), மிச்செலின் பிரைமசி எச்பி என்ற சாதாரண சொகுசு டயரோடு பல சந்தைகளில் விற்கப்பட்டது. குறைந்த வேகத்திலேயே கார் இலகுவாகச் சறுக்கி விளையாட வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே செய்த தேர்வு அது. அதன் அடுத்த தலைமுறையான ஜிஆர்86இன் உயர்ரக வடிவத்துக்கு பைலட் ஸ்போர்ட் 4 கொடுக்கப்பட்டபோதும் அகலம் அதே 215தான். மாறியது றப்பர் கலவையும் ரிம் அளவும் மட்டுமே. ஆகவே காரை உருவாக்கியவர் தந்த அளவிலேயே நின்று, அந்த அளவில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கலவையைத் தேடுங்கள். 17 அங்குல ரிம்மைக் கழற்றி 19 அங்குலம் போடும் ஆசை இன்று பலருக்கு இருக்கிறது. 225/45 ஆர்17 டயரின் பக்கச்சுவர் 101 மில்லிமீற்றர் உயரம். அதற்கு ஈடாகப் போடும் 225/35 ஆர்19இல் அது 79 மில்லிமீற்றராகச் சுருங்குகிறது. மழைத் தண்ணீர் மூடிய ஒரு பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பது அந்தப் பக்கச்சுவர்தான்.

கலவை என்றேன், அதில்தான் டயரின் உயிர் இருக்கிறது. வீதியின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கற்கூர்களின் மீது றப்பர் அழுந்தி, உருமாறி, மெல்லத் தாமதித்து மீள்கிறது. தண்ணீர்ப் படலம் ஒட்டும் தன்மையைக் கெடுத்த பின்னர், இந்தத் தாமதமான மீட்சியே பெருமளவு பிடிமானத்தைத் தருகிறது. 1990களின் தொடக்கத்தில் மிச்செலின் நிறுவனம் கரித்தூளின் இடத்தில் சிலிக்காவைப் பெருமளவு சேர்க்கத் தொடங்கிய பின்னரே, ஈரத்தில் நன்றாகப் பிடித்துக்கொண்டே இலகுவாக உருளும் டயர்கள் பரவலாயின. எனவே பனி இல்லாத காலநிலைக்கான உயர்செயற்றிறன் கோடைக்கால டயர் என்ற வகையையே நம் காலநிலைக்குப் பரிந்துரைக்கிறேன். மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கொன்ரினென்ரல் ஸ்போர்ட்கொன்ரக்ட் 7, பிரிஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் ஆகிய தொடர்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் உங்கள் அளவில் எது புதிதாகக் கிடைக்கிறதோ அதை வாங்கினால் பிழையில்லை.

பந்தயத் திடலுக்கென்று உருவாக்கி வீதியிலும் ஓட அனுமதி பெற்ற டயர்கள் வேறொரு வகை. டோயோ ஆர்888ஆர் போன்றவற்றில் பள்ளங்கள் மிகக் குறைவு; சூடேறிய பின்னரே அவை முழுமையாகப் பிடிக்கும். நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தோட்ட மலைப்பாதைக் கார்ப் போட்டிக்கு அவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பின் காலி வீதியில் அவற்றோடு அலுவலகம் போய்வர வேண்டாம். அதேபோல, ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கார்கள் சிலவேளை பனிக்கால டயர்களோடு வந்திறங்குகின்றன. ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே வேலை செய்வதற்கான அந்த மென்மையான றப்பர், நண்பகலில் ஐம்பது பாகையைத் தாண்டும் நம் தாரில் நெளிந்து, விரைவில் கரைந்துபோகும்.

பக்கச்சுவரில் உள்ள இலக்கங்களை வாசிக்கப் பழகிக்கொள்வது நல்லது. 94W என்றிருந்தால், 94 என்பது ஒரு டயர் 670 கிலோகிராம் தாங்கும் என்பதையும், டபிள்யூ என்ற எழுத்து 270 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். காருக்கென்று குறித்ததை விட இவை குறையக் கூடாது, அவ்வளவே. தேய்மான எண்ணாகிய ட்ரெட்வெயாரை மட்டும் பார்த்து வாங்குவோர் பலர். அதை அமெரிக்க முறைப்படி கணக்கிட்டுப் பொறிப்பவர் தயாரிப்பாளரே. ஆகவே இரண்டு நிறுவனங்களின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது பொருத்தமில்லை. அதே முறையில் பொறிக்கப்படும் ஏஏ, ஏ, பி, சி என்ற பிடிமானத் தரமும் நேர்க்கோட்டில் ஈரத்தில் பிரேக் பிடிப்பதை மட்டுமே அளக்கிறது. வளைவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுவது டயரின் வயதை. பக்கச்சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் வரியின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் ஒரு கடையில், மினுக்குத் திரவம் பூசி அடுக்கி வைத்திருந்த ஒரு சோடி டயரை அண்மையில் எனக்குக் காட்டினார்கள். பள்ளங்கள் ஆழமாக இருந்தன. றப்பரின் மேலிருந்த மெல்லிய மயிர்கள்கூட உதிரவில்லை. இலக்கமோ 4016. இரண்டு கட்டைவிரல்களாலும் பள்ளத்தின் இரு பக்கங்களையும் விரித்துப் பார்த்தபோது, அடித்தளத்தில் நூல் போன்ற வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. நகத்தை அழுத்தினால் பதியவே இல்லை. அந்த விலைக்கு அது பெரும் அநியாயம். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்த நாட்டில், கொட்டிலுக்குள் போர்த்தி வைக்கப்பட்டிருந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் நிலையும் இதுதான். ஓடாததால் டயர் தேயவில்லை, ஆனால் றப்பர் இறுகிவிட்டது. அவற்றை வாங்குவோர் டயருக்கான செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நான்கையும் ஒரே முறையில் மாற்ற வசதியில்லை என்றால், புதிய இரண்டும் பின்னால்தான் போக வேண்டும், முன்சில்லு இழுக்கும் காராக இருந்தாலும்கூட. முன்னால் பிடி விட்டால் கார் நேரே போகும். வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்னால் பிடி விட்டால் கார் சுழன்றுவிடும், அதைத் தடுக்க எல்லோராலும் முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவுள்ள கார்களில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. போர்ஷே காருக்கு வாங்குவோர், N என்ற எழுத்தும் ஓர் இலக்கமும் பக்கச்சுவரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் தன் கார்களில் சோதித்து ஏற்றுக்கொண்ட டயர் என்பதன் அடையாளம் அது.

டயரைப் பூட்டிய அன்றே வீல் அலைன்மென்ட், அதாவது சில்லுகளின் கோணம் சரியா என்று பாருங்கள். உட்புற விளிம்பு மட்டும் தேய்ந்த டயர் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புதியது போலவே தோன்றும். ஸ்டியரிங்கை முழுவதுமாகத் திருப்பிக் குனிந்து பார்த்தால்தான் டயருக்குள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிவது தென்படும். காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன்னர், ஓட்டுநரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடியுங்கள். நைட்ரஜனுக்கென்று தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை, சாதாரணக் காற்றில் 78 வீதம் அதுவே. புதிய டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும் என்பதால், முதல் இருநூறு, முந்நூறு கிலோமீற்றருக்கு நிதானமாக ஓடுங்கள். அதற்குள் மழை வந்தால் முன்னே செல்லும் வாகனத்துக்கு வழமையை விட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.

நன்றி, வணக்கம்.