மங்கு போச்சு, டெஸ்டியும் போச்சு

(மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல கோயில் மண்டபத்துல பேசினது. மைக் கத்துன எடத்த மட்டும் விட்டுட்டு மத்தத டைப் பண்ணியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்க, அக்கா, அண்ணன்மாருங்க, பின்னால போன நோண்டிக்கிட்டு இருக்கிற தம்பிங்க, உங்களுக்கும் சேத்துதான். நான் தமிழ் வாத்தியார் இல்ல, போன் ரிப்பேர் கடக்காரன். ஆனா இந்த டவுன்ல யாரு எப்படி பேசுறாங்கன்னு என்ன விட நல்லா தெரிஞ்ச ஆளு முடி வெட்டுற அண்ணன் ஒருத்தர்தான்.

நெட்டு வந்து தமிழக் கெடுத்துருச்சுன்னு இங்க அடிக்கடி சொல்றாங்க. சரி, ரப்பர் தோட்டத்துல நாம என்ன பேசுனோம்? காலைல ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுக்குப் போனோம், அது தொரமாரு சொன்ன பரேடு. மரத்துக்குப் பேரு கித்தா, பால் புடிக்கிறது மங்கு, ரெண்டும் மலாய்லேர்ந்து வந்தது. வேல வாங்குற மேஸ்திரிக்கு மண்டோர், அது தமிழ்நாட்டுலேர்ந்து கப்பல்ல கொண்டாந்த வார்த்தையா? மூணு பாஷக்காரன் ஒரே எடத்துல நின்னா சொல்லு கைமாறத்தான் செய்யும், யாரும் யார்கிட்டயும் பெர்மிஷன் கேக்கல. நெட்டும் ஒரு பெரட்டுக் களந்தான், என்ன, ஆள் கணக்கு எடுக்க முடியாது, அதான் வேகம்.

ஸ்பேம்னு சொல்றோமே, தேவையில்லாத மெசேஜு, அது 1937ல அமெரிக்காவுல ஹோர்மெல் கம்பெனி விட்ட டின் பன்னிக்கறியோட பேரு. 1970ல பிரிட்டிஷ் டிவி காமெடி ஒண்ணுல சாப்பாட்டுக் கடையில எத கேட்டாலும் அந்தக் கறிதான் வரும், பேச விடாம அதையே பாடுவாங்க. அத ரசிச்ச கம்ப்யூட்டர் பசங்க, சும்மா சும்மா ஒரே மெசேஜ கொட்டுறவனுக்கு அந்தப் பேர வச்சிட்டாங்க. இப்ப நம்ம பாட்டி "ஸ்பேம் கால் வருதுடா"ங்குறாங்க, கறி டின்ன கண்ணால பாத்திருக்க மாட்டாங்க.

அடுத்து எஸ்.எம்.எஸ். காலம். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழ் எழுத்துல அடிச்சா 70தான். காசு யாரு கட்டுறது? 2005ல செல்லினம்னு ஒரு சாப்ட்வேர் வந்து போன்ல தமிழ் அடிக்க வழி பண்ணுச்சு, செஞ்ச முத்து நெடுமாறன் நம்ம மலேசியாக்காரர், அந்தப் பெரும நமக்கு இருக்கணும். ஆனாலும் முக்காவாசி பேரு இங்கிலீஷ் எழுத்துலயே அடிச்சுப் பழகிட்டோம். மலாய்க்காரங்களும் அப்படித்தான், ஒரு சொல்ல ரெண்டு தடவ எழுதுற எடத்துல பக்கத்துல ஒரு 2 போட்டு முடிச்சிருவாங்க, இல்லன்னு சொல்ற "தாக்"க்கு ஒரு எக்ஸ். நம்ம பிள்ளைங்களும் அதையே புடிச்சுக்கிச்சு, கடைக்கு வர்ற பையன் "பாஸ், எக்ஸ் சார்ஜ்"னு வாட்சப் அனுப்புறான், சார்ஜ் ஏறலையாம்லா.

பேஸ்புக் மாதிரி அப்ப இருந்த பிரெண்ட்ஸ்டர் சைட்டு ஞாபகம் இருக்கா? அங்க ஒருத்தரப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடுத்தா டெஸ்டிமோனியல், சுருக்கமா டெஸ்டி. "மச்சி, டெஸ்டி போடுடா"ன்னு சைபர் கபேயில கெஞ்சாத ஆளே இல்ல. 2009ல எம்ஓஎல்னு நம்ம நாட்டுக் கம்பெனியே அத வாங்குச்சு, 2011ல அது கேம் சைட்டா மாறுச்சு, அதோட டெஸ்டியும் காணோம். மங்குக்கும் அதே கததான். கித்தாவ வெட்டிட்டு எண்ண எடுக்குற செம்பன நட்டாங்க, இப்ப பிள்ளைங்ககிட்ட மங்குன்னா முழிக்குது. வேல இருக்குற வரைக்கும்தான் வார்த்தைக்கும் சோறு. என்ன, மங்கு மூணு நாலு தலமுற ஓடுச்சு, டெஸ்டி பத்து வருஷங்கூட தாங்கல.

இப்ப பூமர். அமெரிக்காவுல 1946லேர்ந்து 1964க்குள்ள பொறந்தவங்களுக்கு வச்ச பேரு, 2019ல "ஓகே பூமர்"னு டிக்டாக்ல கிண்டலாச்சு. தமிழ்ல வந்தப்புறம் வயசு கழண்டுருச்சு! அட்வைஸ் பண்ணா பூமர், அவ்ளோதான். கடையில ஸ்கூல்ல பாரம் பைவ் படிக்கிற ஒரு பொண்ணு அவ அண்ணன பாத்து "பூமர் மாதிரி பேசாதண்ணே"ன்னுச்சு, அவனுக்கு இருவது வயசு இருந்தா ஜாஸ்தி. எனக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு, வாங்குன சொல்ல நம்ம தேவைக்கு வளச்சுட்டோம், தமிழ் செத்துருந்தா இத செய்யுமா?

எனக்குக் கொற ஒண்ணே ஒண்ணு. வேற லெவல், க்ரிஞ்சு, பங்கம், எல்லாம் சென்னை ரீல்ஸ்ல வருது, பிள்ளைங்க சென்னைக்காரன் மாதிரியே பேசுதுங்க, பேசட்டும். கந்தோய் ஆயிட்டான்னா மாட்டிக்கிட்டான், பாவாங் பண்ணாதன்னா வம்பு பேசாத, இதுலாம் மலாய்க்காரங்க நெட்டுல போட்டு நம்ம வாய்க்கு வந்தது, அதுவும் இருக்கட்டும். ஆனா சடக்கு, கம்பம், பசியாறல், இதெல்லாம் வீட்ல பேசுறோம், போன்ல அடிக்கிறப்ப மட்டும் ரோடு, கிராமம், டிபன்னு மாத்திடுறோம், யாரு சிரிப்பாங்கன்னு பயம்? கீபோர்டு நாம அடிக்கிறததான் கத்துக்குது. என் போன்ல "ச"ன்னு போட்டாலே சடக்கு வருது. உங்க போன்ல வரலன்னா கடைக்குத் தூக்கிட்டு வராதீங்க, அது ரிப்பேர் இல்ல, நாலு தடவ நீங்களே அடிங்க.