கைக்கு வந்ததெல்லாம் வருமானமா?

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை செய்வதும் நீங்கள், பில் போடுவதும் நீங்கள், பாக்கியைக் கேட்டு போன் செய்வதும் நீங்கள். இப்படித் தனி ஆளாகப் புதிதாய்த் தொழில் தொடங்கியவர்களோடுதான் இன்று பேசப்போகிறேன். தையல், மொழிபெயர்ப்பு, போட்டோ எடுப்பது, மின்வேலை, இணையத்தில் பொருள் விற்பது என்று தொழில் எதுவாகவும் இருக்கலாம். இப்படிப்பட்டவர்களின் கணக்கைப் பார்ப்பது என் வேலை. வரி என்றதும் பலர் பயந்துபோகிறார்கள். ஆனால் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், அடியில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் இருக்கிறது: வங்கி இருப்பைப் பார்த்து ‘இவ்வளவு சம்பாதித்துவிட்டேன்’ என்று நினைத்துவிடுவது.

கணக்குக்குச் சுலபமாக, மாதக் கடைசியில் வங்கியில் 100 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 20, இன்னும் செய்யாத வேலைக்கு வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம். வேலை நின்றுபோனால் திருப்பித் தர வேண்டியிருக்கும். 10, விற்பனை வரி என்று பில்லில் சேர்த்து வசூலித்தது. அது அரசுக்குப் போக வேண்டிய பணம், கொஞ்ச நாள் உங்கள் கையில் தங்கியிருக்கிறது. 25, தெரிந்தவரிடம் வாங்கிய கடன். கடன் வருமானம் ஆகாது. அதேபோல் திருப்பிக் கட்டும்போது அசல் செலவாகாது, வட்டி மட்டும்தான் செலவு. 15, பொருள் கொடுத்தவருக்குத் தர வேண்டிய பாக்கி. எல்லாம் போக மிஞ்சுவது 30. அந்த 30 லாபம் என்றால், அதற்கும் வருமான வரி காத்திருக்கிறது.

அதனால் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வரிக்கென்று இன்னொன்று. பணம் வந்த அன்றே வசூலித்த விற்பனை வரியையும், வருமான வரிக்கு ஒரு பங்கையும் அதற்கு மாற்றிவிடுங்கள். எவ்வளவு பங்கு என்பது நாட்டுக்கு நாடு, ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கணக்காளரிடம் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். மாதக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது. மாதக் கடைசியில் யாரிடமும் பணம் மிஞ்சுவதில்லை.

அடுத்தது, வீட்டுக்கு எடுக்கும் பணம். இதைத் தொழிலின் செலவாக எழுதிவிடுகிறவர்கள் நிறைய. கம்பெனியாகப் பதிவு செய்யாமல் உங்கள் பெயரிலேயே தொழில் நடத்தினால், பொதுவாகச் சட்டத்தின் பார்வையில் நீங்களும் தொழிலும் ஒரே ஆள். உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுத்து அதைச் செலவாகக் கழிக்க முடியாது. வீட்டுக்கு எடுப்பது, முதலாளி தன் பணத்தை எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான். இதன் மறுபக்கத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. லாபத்தில் ஒரு காசு கூட வீட்டுக்கு எடுக்காமல் முழுவதையும் சரக்கு வாங்கிப் போட்டிருந்தாலும், லாபத்துக்கு வரி உண்டு. விற்காமல் இருக்கும் சரக்கு பொதுவாகச் செலவுக் கணக்கில் வராது. ‘பணமே இல்லை, எதற்கு வரி?’ என்று மனம் நொந்து கேட்பவர்களிடம் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

சம்பளத்தில் இருந்தவரை வரியை முதலாளியே பிடித்துக் கட்டிவிட்டார். இனி அது உங்கள் பொறுப்பு. பல நாடுகளில் வருடம் முடியும்வரை காத்திருக்க விடுவதில்லை, நடுவிலேயே தவணை தவணையாக முன்கூட்டி வரி கட்டச் சொல்கிறார்கள். முதல் வருடத்தில் இதைக் கவனிக்காமல் விட்டவருக்கு, போன வருட வரியும் இந்த வருடத் தவணையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். புதிய தொழில்களுக்கு இது பெரிய அடி. தவணைத் தேதிகளை இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்கு எழுதுவது எப்படி? 1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில், லூகா பச்சோலி என்ற துறவி அந்த ஊர் வணிகர்கள் கணக்கு எழுதிய முறையை விளக்கியிருக்கிறார். மூன்று ஏடுகள். நடந்ததை நடந்தபடியே உடனுக்குடன் எழுதும் சிட்டை ஒன்று. அதை ஒழுங்குபடுத்திப் பற்று வரவாக எழுதுவது இன்னொன்று. கணக்குவாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு மூன்றாவது. பின்னால் சொன்ன இரண்டையும் இன்று மென்பொருள் பார்த்துக்கொள்ளும், அல்லது என்னைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்வோம். முதலாவதை உங்களைத் தவிர யாராலும் எழுத முடியாது. ஒரு ரசீதை வைத்துத் தொகை எவ்வளவு என்று நான் சொல்லலாம். அந்தப் பயணம் யாரைப் பார்க்கப் போனது, அந்த வயர் எந்த வேலைக்கு வாங்கியது, உங்கள் வீட்டுக்கா வாடிக்கையாளர் வீட்டுக்கா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் எட்டு மாதம் கழித்து உங்களுக்கே மறந்துபோகும். அதனால் தேதி, தொகை, யாருக்கு, எதற்கு என்று அன்றன்றே எழுதிவிடுங்கள். நோட்டுப் புத்தகமோ போனோ, எதில் எழுதினாலும் சரி.

ரசீதுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். இயந்திரத்திலிருந்து சுருளாக வரும் ரசீதுகளில் பெரும்பாலும் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் தாள் அது. வெயிலிலோ பர்ஸிலோ இருந்தால் சில மாதங்களில் வெளுத்துப்போகும். வரித்துறை கேட்கும்போது வெள்ளைத் தாளை நீட்ட முடியாது. மதிப்புக் கூட்டு வரி உள்ள நாடுகளில் கொள்முதல் பில்லுக்கு இன்னொரு மதிப்பும் இருக்கிறது. 1954-இல் பிரான்ஸில் தொடங்கி இன்று 160-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கும் வரி அது. அதில் பதிவு செய்தவர், வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலித்த வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பில் தொலைந்தால் அந்தக் கழிவும் போய்விடும்.

மாதத்துக்கு ஒரு முறை உங்கள் ஏட்டையும் வங்கியின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். டேலி ஆகவில்லையென்றால், வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மிச்சமில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 54-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 720-ஐ 270 என்று எழுதினால் 450, அதுவும் ஒன்பதால் வகுபடும். கணக்கு எழுதுபவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் வழி இது. எனக்கு இன்றும் பிடித்தமானது.

வருடக் கடைசியில் ஒரு யோசனை எல்லோர் காதிலும் விழும்: ‘ஏதாவது பெரிதாக வாங்கிப்போடு, வரி குறையும்.’ தேவையான பொருள் என்றால் வாங்குங்கள். வரிக்காக மட்டும் வேண்டாம். வரி நூற்றுக்கு 20 என்றால், 100 செலவழித்து 20 மிச்சப்படுத்துகிறீர்கள். மீதி 80 கையை விட்டுப் போய்விட்டது. அதிலும் இயந்திரம் போன்ற, பல வருடம் உழைக்கும் பொருளின் விலை முழுவதையும் ஒரே வருடத்தில் கழிக்க எல்லா இடங்களிலும் அனுமதியில்லை. தேய்மானம் என்று வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழிப்பார்கள். கணக்காளரை வாங்கிய பிறகு பார்க்காமல், வாங்கும் முன்பே பாருங்கள்.

அப்புறம், வரி கட்டப் பணம் இல்லாத நிலைமை வந்துவிட்டால்? கணக்கைத் தாக்கல் செய்யாமல் ஒளிந்துகொள்வதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல நாடுகளில் தாக்கல் செய்யாததற்கு ஓர் அபராதம், கட்டாததற்குத் தனியாக வட்டியோ அபராதமோ உண்டு. தேதிக்குள் தாக்கல் செய்தால் முதலாவது இல்லை. பிறகு வரி அலுவலகத்துக்கு நீங்களே எழுதி, தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள். அவர்கள் கடிதம் அனுப்பும் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது அன்றன்று எழுதிய அந்த ஏடும் உங்கள் கையில் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.