இழுப்பறையை வெளியே எடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய மர அலமாரி வாங்கப் போகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நாலடி தள்ளி நின்று முகப்பை ரசிப்பார்கள். மேல்பலகையைத் தடவிப் பார்ப்பார்கள். நன்றாக மின்னுகிறது என்று சொல்லிவிட்டு விலை கேட்பார்கள். அந்தச் சாமானிலேயே வயது மிகக் குறைந்தது அந்த மினுக்கம்தான். விற்பனைக்கு வைப்பதற்கு முந்தின வாரம் பூசிய பாலிஷாகக்கூட இருக்கலாம். பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். எந்தச் சாமான் வந்தாலும் முகப்பைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ஓர் இழுப்பறையை முழுவதுமாக வெளியே உருவி, கவிழ்த்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோவேன். நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இன்று வந்திருக்கிறேன்.

வீட்டில் பழைய மேசையோ அலமாரியோ இருந்தால், இந்த உரையைக் கேட்டபடியே ஓர் இழுப்பறையை உருவி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறா வாலை விரித்ததுபோல ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகலும் பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கிறதா? ஆங்கிலப் பெயரை வைத்து டவ்டெயில் என்று சொல்லும் இணைப்பு அது. இழுப்பறையை நாம் முன்னால் இழுக்கிறோம். இழுக்க இழுக்க இந்தப் பற்கள் இறுகுமே தவிர நழுவாது. ஆணி அடித்த இழுப்பறையில் ஒவ்வோர் இழுப்பும் ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டால்தான் ஒன்று நூறாண்டு தாங்குகிறது, மற்றொன்று பத்தாண்டில் கையோடு வந்துவிடுகிறது.

பற்களை இன்னும் கிட்டத்தில் பாருங்கள். கையால் அறுத்திருந்தால் எல்லாப் பற்களும் ஒரே அளவில் இருக்காது. ஒன்று சற்றே சாய்ந்திருக்கும், ஒன்று கத்தி முனைபோல மெலிந்திருக்கும். பற்களின் அடியில், பலகையின் குறுக்கே, மயிரிழை போன்ற ஒரு கீறல் ஓடும். எவ்வளவு ஆழம் அறுப்பது என்று தச்சர் வேலைக்கு முன் கூர்முனையால் இழுத்த கோடு அது. வேலை முடிந்ததும் அதை இழைத்து நீக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் இழுப்பறையின் பக்கவாட்டை யாரும் பார்க்கப் போவதில்லை. அந்தக் கோட்டை விரல் நகத்தால் தடவும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழும். பெயர் தெரியாத ஒருவர் தம் வேலைக்கு நடுவே விட்டுச்சென்ற தடம் அது.

பற்களும் இடைவெளிகளும் அச்செடுத்ததுபோல ஒரே அளவில் இருந்தால் இயந்திரம் வெட்டியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அது பரவியது. அமெரிக்காவில் செய்த சில அலமாரிகளில் வேறொரு விசித்திரம் உண்டு. பற்களுக்குப் பதிலாக அரைவட்ட வளைவுகளும், ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமான ஒரு முளையும் இருக்கும். சார்லஸ் நாப் என்பவர் 1867இல் காப்புரிமை பெற்ற இயந்திர இணைப்பு அது. சுமார் முப்பது ஆண்டுதான் புழக்கத்தில் இருந்தது. ஆகவே அதைப் பார்த்தவுடன் சாமான் 1870களிலிருந்து 1900வரையான காலத்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கையால் வெட்டிய பற்கள் இருப்பதாலேயே சாமான் பழையதாகிவிடாது. இன்றும் கையால் வெட்டும் நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள். இயந்திரம் வெட்டியது என்பதால் மட்டமானதும் ஆகிவிடாது. ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். நாலைந்து அடையாளங்கள் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

அடுத்த அடையாளம் அடிப்பலகை. கவிழ்த்து வைத்து விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். கை இழைப்புளி போன தடம் அது. வில்போல வளைந்த கோடுகள் தெரிந்தால் வட்ட ரம்பத்தில் அறுத்த பலகை, அதாவது 19ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிறகோ. ஒட்டுப்பலகை போட்டிருந்தால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுச் சாமான், அல்லது பிறகு அடி மாற்றியிருக்கிறார்கள். திருகாணியின் தலையில் கூட்டல் குறி தெரிந்தால், அந்தத் திருகாணி 1930களுக்கு முன் அங்கே வந்திருக்க முடியாது. ஹென்றி பிலிப்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றது 1936இல்.

நிறத்தையும் பாருங்கள். காற்றும் கையும் பட்ட இடம் கறுத்திருக்கும், மூடியே கிடந்த இடம் வெளுத்திருக்கும். பழைய மரம் ஒருபோதும் சீராகக் கறுக்காது. உள்ளும் புறமும் மூலையும் முடுக்கும் ஒரே பழுப்பாக இருந்தால், யாரோ சாயம் பூசி வயதேற்றியிருக்கிறார்கள்.

பக்கப்பலகையின் அடிவிளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அலமாரிக்குள் தலையை நுழைத்து, அந்த விளிம்பு ஓடும் சட்டத்தையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே தேய்ந்திருக்க வேண்டும். இழுப்பறை தேய்ந்து சட்டம் புதிதாக இருந்தால் ஒன்று சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள், அது குற்றமில்லை, அல்லது இழுப்பறை வேறோர் அலமாரியிலிருந்து வந்தது. மேல்பாதி ஓர் அலமாரியும் கீழ்ப்பாதி இன்னொன்றுமாகச் சேர்த்து விற்பதும் உண்டு. பின்பலகையைப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே ஒரு மரம், கீழே ஒரு மரம் என்றிருக்கும். முகப்பில் எவ்வளவு திறமையாக நிறம் ஒட்டினாலும் முதுகில் யாரும் மெனக்கெடுவதில்லை. கைப்பிடிகளுக்கும் இதே சோதனைதான். முன்பலகையின் உட்புறத்தில் வேண்டாத துளைகள் தெரிந்தால் பழைய கைப்பிடி போய்விட்டது. எனக்கு அதில் பெரிய குறையில்லை. ஆனால் விலை பேசும்போது அதை மறந்துவிடாதீர்கள்.

பக்கவாட்டில் நெடுக ஒரு வெடிப்பைக் கண்டால் பலர் விலகிப் போகிறார்கள். பொறுங்கள். மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது அநேகமாக இல்லை. அகலவாக்கில்தான் சுருங்கும். அதிலும் வளர்வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டமாகச் செய்த பழைய மேசைகளை அளந்தால் கொஞ்சம் நீள்வட்டமாக இருப்பதும் இதனால்தான். அகலப் பலகையை அசையவிடாமல் இறுக்கிய இடத்தில் அது வெடித்துத் தன் வழியைத் தேடிக்கொள்கிறது. அசையாமல் நிற்கிற பழைய வெடிப்பு வயதின் குறி. அதை மக்கு வைத்து அடைத்தால், ஈரக் காலத்தில் மரம் உப்பும்போது வெடிப்பு வேறோர் இடத்துக்குப் போகும். நான் அஞ்சுவது இணைப்புகளின் தளர்ச்சியைத்தான். அலமாரியின் இரண்டு மேல்மூலைகளையும் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் அசையுங்கள். முழுதும் ஒன்றாக அசைந்தால் நல்லது. சாய்சதுரமாக நெளிந்தால், வாங்கும் விலையோடு பழுதுக் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பூச்சி. உளுத்த மரத்தில் துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அவை வண்டு வெளியேறிய வாசல்கள். தின்று தீர்த்தது அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் உள்ளே வாழ்ந்த புழு. ஆகவே துளை இருக்கிறதா என்பதைவிட, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதே கேள்வி. துளையின் உட்புறம் வெளுத்து, விளிம்பு கூராக இருந்தால் புதியது. கறுத்து அழுக்கேறியிருந்தால் பழையது. ஐயம் இருந்தால் கறுப்புத் தாளை அடியில் விரித்து இரண்டு மூன்று வாரம் விடுங்கள். வெண்மையான மாவு உதிர்ந்து கிடந்தால் குடியிருப்பு காலியாகவில்லை. அதை மற்ற மரச்சாமான்களுக்கு அருகில் கொண்டுவராதீர்கள். வைரம் பாய்ந்த மரத்தைப் பூச்சி அதிகம் தொடுவதில்லை, வெளிப்புறத்து வெள்ளை மரத்தைத்தான் தேடும். அதனால் அடிச்சட்டம், கால்களின் உட்புறம், பின்பலகையின் ஓரம் என்று மட்ட மரம் போட்ட இடங்களை முதலில் பாருங்கள்.

பூச்சியே ஒரு பொய்யைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. புழு மரத்துக்குள்தான் சுரங்கம் போடும், வெளிப்பரப்பில் வாய்க்கால் வெட்டாது. பாதி திறந்த வாய்க்கால்கள் பலகையின் மேல் நெளிந்து ஓடினால், பூச்சி தின்ற பிறகு அந்த மரத்தை அறுத்தோ இழைத்தோ இருக்கிறார்கள். பழைய மரத்தில் செய்த புதிய சாமான் அது.

மேற்பூச்சைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஒரு வருத்தம் நினைவுக்கு வரும். தொழிலுக்கு வந்த புதிதில் வால்நட் வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டிய இழுப்பறை அலமாரி ஒன்று கிடைத்தது. மேலே அங்கங்கே வெள்ளை வளையங்கள், பூச்சு மங்கியிருந்தது. எல்லாவற்றையும் சுரண்டிப் புதிதாக்கிவிடலாம் என்று மின் உப்புத்தாள் இயந்திரத்தை வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கரும்பழுப்பு ரேகைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு ஒன்று எழுந்தது. வெனீரைக் கடந்து அடிமரத்துக்குப் போய்விட்டேன். கையால் அறுத்த பழைய வெனீர் இரண்டு மில்லிமீட்டர்வரைகூட இருக்கும். பிற்காலத்தில் கத்தியால் சீவி எடுத்தது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். என் கையில் இருந்தது இரண்டாம் வகை. இன்றுவரை அந்தத் திட்டு என் கண்ணிலிருந்து போகவில்லை.

அந்த வளையங்களில் பெரும்பாலானவை மரத்தில் இல்லை, பூச்சில்தான் இருந்தன என்பது பின்னால் புரிந்தது. பழைய சாமான்களில் பல அரக்குப் பூச்சு கொண்டவை. அரக்குப் பூச்சி மரக்கிளையில் விடும் பிசினை எரிசாராயத்தில் கரைத்துத் துணி உருண்டையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. கண்ணுக்குப் படாத மூலையில் பஞ்சு நுனியால் ஒரு துளி எரிசாராயம் வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அரக்கு. அரக்கின் பெரிய குணம், புதிய அரக்கு பழைய அரக்கோடு கரைந்து ஒன்றாகிவிடும். சுரண்டாமலே புதுப்பிக்கலாம். வண்ணம் பூசிய பழைய அலமாரியாக இருந்தால் உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். வீட்டுச் சாயங்களில் ஈயத்தை அமெரிக்கா தடைசெய்ததே 1978இல்தான். தேய்க்கும் தூசி குழந்தைகளுக்கு நஞ்சு.

ஒப்பனை மேசையில் கண்ணாடி இருந்தால் பென்சில் முனையைக் கண்ணாடியில் வையுங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் உள்ள இடைவெளி கண்ணாடியின் கனத்தைச் சொல்லும். பழைய கண்ணாடிகள் பெரும்பாலும் மெல்லியவை. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1835இல் கண்ணாடியில் வெள்ளி படியவைக்கும் வழியைக் கண்டுபிடிப்பதற்கு முன், தகரத் தகட்டையும் பாதரசத்தையும் கலந்துதான் பின்புறம் பூசினார்கள். அவ்வகைக் கண்ணாடி சற்றே சாம்பல் நீலமாக, பொடிப்பொடியாக மின்னும். சட்டத்தின் கீழ்விளிம்பில் வெள்ளித் துளிகள் திரண்டிருந்தால் அது பாதரசம், கை வைக்காதீர்கள். கண்ணாடி மங்கிவிட்டது என்பதற்காக மாற்றியும் விடாதீர்கள்.

நூறாண்டு ஆனால்தான் தொன்மையான சாமான் என்பது பொதுவான கணக்கு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1950களிலும் 60களிலும் டென்மார்க்கில் செய்த தேக்கு இழுப்பறைகள் சிலவற்றில் உள்ள வேலைத்திறன், நூறாண்டு கடந்த பல சாமான்களில் இல்லை. ஆனால் அக்காலத்து ரோஸ்வுட் சாமானை நாடு விட்டு நாடு கொண்டுபோக நினைத்தால் விசாரித்துக்கொள்ளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது.

பயன்பாட்டையும் பார்க்க வேண்டும். பழைய உடை அலமாரிகள் பல, துணியை மடித்து வைக்கவோ கொக்கியில் மாட்டவோ செய்தவை. இன்றைய ஹேங்கரைக் குறுக்கே மாட்ட உள்ளாழம் 55 சென்டிமீட்டராவது வேண்டும். டேப்பை எடுத்து அளந்த பிறகு விலை பேசுங்கள். கதவைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். மக்கிய வாடை வெயிலிலும் காற்றிலும் போகும். பூச்சி உருண்டை வாடை மரத்துக்குள் இறங்கிவிட்டால் லேசில் போகாது.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு கனமாக இருந்தாலும் அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள். மூடியிருக்கும்வரை அது மலைபோல நிற்கும். இரண்டு மூன்று இழுப்பறைகளை ஒரே நேரத்தில் திறந்தால் பாரம் முன்னால் வந்து, முழு அலமாரியும் கவிழும். கீழ் இழுப்பறையைப் படியாக்கி ஏறும் குழந்தைகள் உள்ள வீட்டில் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பின்புறச் சட்டத்தில் இரண்டு சிறு துளை விழுவதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

ஏற்றி இறக்கும்போது இழுப்பறைகளை உருவித் தனியே கொண்டுபோவீர்கள். அவற்றை இடம் மாற்றிச் செருகாதீர்கள். கையால் செய்த அலமாரியில் ஒவ்வோர் இழுப்பறையும் அதன் பொந்துக்கென்றே இழைத்தது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மாறிப் போனால் சிக்கும். இழுப்பறையின் பின்பலகையைத் திருப்பிப் பாருங்கள், தச்சரே பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருக்கக்கூடும். இல்லாவிட்டால் சுண்ணக்கட்டியால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அடிவிளிம்பில் மெழுகுவத்தியை இரண்டு முறை தேய்த்துவிட்டு அதனதன் இடத்தில் செருகுங்கள். நன்றாகச் செய்த அலமாரியில் ஓர் இழுப்பறையை மெல்லத் தள்ளி மூடும்போது, உள்ளே அடைபட்ட காற்று பக்கத்து இழுப்பறையை ஒரு விரற்கடை வெளியே தள்ளும். அப்படி ஓர் அலமாரி உங்களுக்குக் கிடைக்கட்டும். வணக்கம்.