அடுப்படியில் பேசும் மொழி

மாண்பமை தலைவர் அவர்களே, மண்டபத்தை மனமுவந்து அளித்த நூலகப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே, எனக்குப் பொன்னாடை அணிவித்துப் பெருமைப்படுத்திய மூத்த பெருமக்களே, லாஸ் ஏஞ்சலஸ் வாழ் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை’ என்பது நம் முன்னோர் வாக்கு. அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வழிவந்தோரான லத்தீனோ மக்கள் தம் உணவையும் விழாக்களையும் மொழியையும் எவ்வாறு காத்து வருகிறார்கள் என்பதை இன்று பேச எண்ணியுள்ளேன். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6.2 கோடியாக இருந்த அம்மக்களில் மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர் எனப் பல மண்ணின் வழித்தோன்றல்கள் உண்டு. 1848ஆம் ஆண்டு அமெரிக்க–மெக்சிகோ உடன்படிக்கையால் எல்லைக்கோடு நகர்ந்தபோது, இருந்த ஊரிலேயே அமெரிக்கரானவர்களின் வழிவந்தோரும் உண்டு.

உணவிலிருந்து தொடங்குகிறேன். என் பக்கத்து வீட்டுப் பாட்டி டெக்சாஸில் வளர்ந்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் உறவினர் எல்லோரும் கூடித் தமலே என்னும் மக்காச்சோளப் பண்டம் செய்வதற்கு என்னையும் அழைத்திருந்தார். (பெயரைக் கேட்டுத் தமிழ்ச் சொல்லோ என மயங்கிவிட வேண்டாம், அது ‘தமல்லி’ என்னும், மெக்சிகோப் பழங்குடிகளின் நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து வந்தது.) சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவை, கதிரை மூடியிருக்கும் மட்டையின் வழவழப்பான பக்கத்தில்தான் தடவ வேண்டும். பேரன் சொரசொரப்பான பக்கத்தில் தடவிக்கொண்டிருந்தான். பாட்டி ‘லீசோ, லீசோ’ என்றார். வழவழப்பு என்று பொருள்படும் அந்த ஸ்பானியச் சொல் பையனுக்குப் புரியவில்லை. பாட்டி அவன் விரலைப் பிடித்து மட்டையின் இரு பக்கங்களையும் தடவிக் காட்டினார். பிறகு என்னிடம், பள்ளியில் ஸ்பானிய மொழி பேசியதற்காகத் தாம் உள்ளங்கையில் அடி வாங்கியதையும், தம் பிள்ளைகளாவது அடி வாங்காமல் வளரட்டும் என்று அவர்களிடம் ஆங்கிலமே பேசியதையும் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் அடுப்படியில் நின்றால் தாய்மொழிதான் வரும்.

நூலைப் போல சேலை என்கிறோமே, அந்த நூலை அறுத்தது யார்? 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறி இருமொழிக் கல்வி கேட்டார்கள். அதன் பிறகும் 1998இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் இருமொழிக் கல்வியைக் கட்டுப்படுத்தினார்கள். அக்கட்டுப்பாட்டை நீக்க 2016 வரை காத்திருக்க நேர்ந்தது.

விழாக்களைப் பற்றிப் பேசக் காலம் இடம் தரவில்லை, மன்னியுங்கள். நூலகப் பொறுப்பாளர் அம்மையாரிடம் ஒரு விண்ணப்பத்தை மட்டும் வைக்கிறேன்: இவ்வட்டாரத்து லத்தீனோப் பாட்டிமார் சமைத்துக்கொண்டே தம் மொழியில் பேசுவதை ஒலிப்பதிவு செய்து, இங்கே ஓர் அலமாரியில் வைக்க இடம் தாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி சம்மதித்துவிட்டார். ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்துக்கொள்ள அவருடைய பேரன் வருகிறான்.