ஈர ராடும் நைட் ஷிப்ட் நோட்டும்

(திருவொற்றியூரில் பட்டறைத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே, வணக்கம்.

"தொழில் ரகசியத்தை எவன் சொல்லுவான்?" என்று எண்ணூரிலும் கேட்கிறார்கள், மணலியிலும் கேட்கிறார்கள். அப்படியிருந்தும் சிலர் சொல்லித் தருகிறார்களே, அது ஏன்?

அப்படியொரு ரகசியத்துக்கு, வெல்டிங் வைக்கும் 7018 ராடை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டைப் பிரித்து நம்ம ஊர்க் கடல் காற்றில் போட்டால் மேல்பூச்சு ஈரத்தைக் குடித்துவிடும். வெல்டிங் சூட்டில் அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து இரும்புக்குள் இறங்கும். தடித்த பிளேட் என்றால் வெல்டின் ஓரத்தில் விரிசல் விடும். அதுவும் உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் ஓவனில் சுடச் சொல்கிறோம். பெரும்பாலும் 300 டிகிரிக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். சரியான கணக்கு அந்தந்த கம்பெனியின் பாக்கெட்டிலேயே இருக்கும். சுட்டதைச் சூட்டுப் பெட்டியில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு ராடைத் தட்டி, கணீரென்றால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம் என்பார்கள். 7018க்கு அந்தக் காதை நம்பாதீர்கள்.

இப்போது கூலிக்கு வருவோம். பீஸ் ரேட்டில், அதாவது செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி தருமிடத்தில், பக்கத்து பெஞ்ச்காரர் போட்டியாள். அவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? ஷிப்ட் முறையில் நான் விட்ட விரிசலை அவர் அரைத்தெடுக்கிறார், அவர் விட்டதை நான். அங்கே வாய் தானாகத் திறக்கும். மனசு நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம்.

1980களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் மெக்கானிக்குகளோடு சுற்றிய ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளரும் இதைக் கண்டார். மேனுவலுக்கு அடங்காத பழுதுகளை அவர்கள் சாப்பாட்டு மேசையில் கதையாகப் பேசித் தீர்த்தார்கள். நாளைக்கு அதே மெஷின் இன்னொருவர் கைக்கு வரலாம். நல்ல கதை சொன்னவருக்கு மரியாதையும் கூடியது.

மறைப்பதிலும் மூன்று வகை என்று 2012இல் கனடா ஆய்வாளர்கள் பிரித்தார்கள்: தெரியாத மாதிரி நடிப்பது, அப்புறம் சொல்கிறேன் என்று நழுவுவது, மேலிடம் சொல்லக்கூடாது என்றது என்று காரணம் காட்டுவது. நம் பட்டறைகளில் நடுவிலுள்ளதுதான் அதிகம் என்பேன்.

ஷிப்ட் மாறும்போது பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். "மெஷின் ஓகே" என்று எழுதிய நோட்டு வெற்று நோட்டுதான். என்ன சத்தம் வந்தது, எதை மாற்றிப் பார்த்தோம், எது சரிவரவில்லை என்று எழுதுங்கள். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்தவர் அதே போல்ட்டை மறுபடி கழற்றுகிறார். பக்கத்திலேயே கண்டுபிடித்தவர் பெயரும் வேண்டும். ஹெல்பர் கண்டுபிடித்தால் ஹெல்பர் பெயர், ஃபோர்மேன் பெயர் அல்ல.